இரு, வரேன்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் நலம். எந்த அளவுக்கு நலம் என்பது போகப் போகத் தெரியும். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்புவதற்கு என்ன செலவா? போனில் சொன்னால் பாதியில் நீ அழுவாய், பாதியில் நான் உளறுவேன், அதனால்தான் கடிதம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் மூட்டையை நாளைக் காலை ஒருவர் வந்து அழைத்துப் போகிறார். ஊருக்கு வெளியே செடி நர்சரி வைத்திருப்பவர். நல்ல மனிதர். ஓடியாட நிறைய இடம் இருக்கிறதாம்.

வெளியூர் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஒரு நாய்க்குட்டியை வாங்கி வந்து, மூட்டை என்று பேரும் வைத்து, "உன்னைத் தொந்தரவே பண்ணாதும்மா" என்று என் மடியில் வைத்தாயே, அதைப் பற்றி நான் எதுவும் பேசப்போவதில்லை. ஹவுஸ் ஓனர் பேசிவிட்டார். ஒருநாள் அவர் குளியலறையிலிருந்து கையை மட்டும் வெளியே நீட்டித் தேடிய துண்டு அந்த நேரத்தில் நம் பால்கனியில், மூட்டையின் வாயில் இருந்தது. எப்படியோ உடை மாற்றிக்கொண்டு மாடியேறி வந்தார். "நாய்க்குன்னு கிளாஸ் நடத்தறாங்களாம், சேத்து விடுங்க. பாஸ் பண்ணுச்சுன்னா இருக்கட்டும். இல்லேன்னா நாய் இருக்காது. நாய் இருந்தா நீங்க இருக்க மாட்டீங்க" என்றார். அப்பா உடனே, "அவதான் சார் கூட்டிட்டுப் போவா" என்று என்னைக் காட்டினார். அவருடைய பங்கு அத்தோடு முடிந்தது.

மூடிக் கிடக்கிற கார் ஷோரூமுக்குப் பின்னால் இருக்கிற திடலில்தான் கிளாஸ். நடத்துகிறவரை எல்லோரும் மாஸ்டர் என்கிறார்கள். அவர் விசில் ஊதினால் நாய்கள் உட்காருமோ இல்லையோ, எனக்குக் கால் மடங்குகிறது. மூட்டையைக் குறை சொல்ல முடியாது. உட்காரு என்றால் உட்கார்ந்தது, வா என்றால் வந்தது, பக்கத்தில் நட என்றால், என் செருப்பைக் கவ்விக்கொண்டுதான் என்றாலும், நடந்தது. தகராறெல்லாம் 'இரு'வில்தான். நாயிடம் 'இரு' என்று சொல்லிவிட்டு, முதுகைக் காட்டி, திடலின் கோடியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டிவரை நடக்க வேண்டும். விசில் வரும்வரை நாய் அசையக்கூடாது. நானும் 'இரு' என்பேன், திரும்புவேன், நாலடி வைப்பேன், மூட்டை என் காலடியில் நிற்கும். "மேடம், அதுகிட்ட என்ன சொன்னீங்க?" என்று மாஸ்டர் கேட்பார். "இருன்னுதான் சொன்னேன்." "அப்புறம்?" அப்புறம் ஒன்றுமில்லையே என்று நான் சத்தியம் செய்யப் போகும்போது, பக்கத்தில் பக் நாயோடு நின்ற பல் டாக்டர்தான் கண்டுபிடித்தார். "இரு, வரேன்னு சொல்றாங்க மாஸ்டர்."

சொல்கிறேனாம். எனக்கே தெரியவில்லை. 'வரேன்' என்பதில் இருக்கிற 'வ' காதில் விழுந்ததும் அது எழுந்து வந்துவிடுகிறது. "ஒரே வார்த்தை மேடம். அதுக்கப்புறம் வாய்க்குப் பூட்டு போடுங்க" என்றார் மாஸ்டர். போட முடியவில்லையே. யோசித்துப் பார்த்தேன். அடுப்படிக்குப் போனாலும் ஆபீசுக்குப் போனாலும், வரேன் என்று சொல்லாமல் நான் யாருக்கும் முதுகைக் காட்டியதே இல்லை. நீ டாக்ஸியில் ஏறி "போறேன்மா" என்று கத்தினபோது, வண்டியின் குறுக்கே போய் நின்று, "வரேன்னு சொல்லுடீ" என்று சொல்ல வைத்தேனே. டிரைவர் முறைத்த முறை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய், இவ்வளவு நம்பிக்கையாகப் பார்க்கிற ஒரு ஜீவனை நடுத்திடலில் உட்காரவைத்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் நட என்றால் எப்படி நடப்பேன்?

இருந்தாலும் பழகினேன். ஹாலில் அப்பாவை நாயாக உட்காரவைத்து, 'இரு' என்று சொல்லிவிட்டு பால்கனிவரை போனேன். அப்பா அசையவே இல்லை. திரும்பி வந்து பார்த்தால் தூங்கிவிட்டிருந்தார்.

இன்று காலை பரீட்சை. ஹவுஸ் ஓனரே வாசலில் நின்று, "இன்னிக்குத்தானே?" என்று கேட்டு அனுப்பினார். மூட்டையின் கழுத்து வாரைக் கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு போனேன். கடைசியில் ஒரு யோசனை தோன்றியது. எங்கள் முறை வந்ததும் ஒரு வாய் தண்ணீர் குடித்து, விழுங்காமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டேன். 'இரு' என்பதைக் கையால் காட்டினேன். திரும்பி நடந்தேன். பின்னால் சத்தமே இல்லை. பாதி தூரம் தாண்டிவிட்டேன். தொட்டியின் குழாய் தெரிகிறது. முடித்தே விட்டேன் என்று நினைத்த நேரத்தில், ஓரமாக நின்ற பல் டாக்டர் பதறிப்போய், "மேடம், என்ன கன்னம் இப்படி வீங்கியிருக்கு? வலிக்குதா?" என்று கேட்டார். ஒரு மனிதர் அக்கறையாக விசாரிக்கும்போது பேசாமல் போவதா? தண்ணீரை விழுங்கிவிட்டு, "இல்ல டாக்டர், இருங்க, வரேன்" என்றேன்.

மூட்டை வந்தது. அது வருவதைப் பார்த்து டாக்டரின் பக் நாயும் வந்தது. அதைப் பார்த்து, வரிசையில் இருந்த மற்ற நாய்களும் வந்தன. மாஸ்டர் விசிலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, "நாய்மேல தப்பில்ல மேடம், நீங்கதான் ஃபெயில்" என்றார்.

வீடு திரும்பி, ஹவுஸ் ஓனரிடம் உள்ளதைச் சொல்லி, நர்சரிக்காரருக்குப் போன் செய்துவிட்டேன். எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. அதனுடைய துணி பொம்மையையும் சாப்பாட்டுத் தட்டையும் ஒரு பையில் போட்டு வைத்தாயிற்று. மூட்டை பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி என் காலடியில் வைக்கிறது, அவ்வளவுதான்.

தலையை நன்றாகத் துவட்டு. ஆபீசில் யாரிடமும் வம்புக்குப் போகாதே, வந்த வம்பை விடாதே. மனசும் உடம்பும் குறையில்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அம்மா

பி.கு.: அப்பா இதைத் தபாலில் சேர்க்க மறந்துவிட்டதால் மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். நர்சரிக்காரர் வந்து மூட்டையை வண்டியில் ஏற்றினார். ஹவுஸ் ஓனர் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, "சமத்தா போயிட்டு வா" என்றேன். வேறென்ன சொல்லி அனுப்புவேன்? வண்டி தெருமுனைவரை போனது. திரும்புவதற்காக நின்றதும் மூட்டை குதித்து, ஒரே ஓட்டமாக வந்து, என் முன்னால் சமத்தாக உட்கார்ந்தது. ஹவுஸ் ஓனர் படியிறங்கி வந்து அதைக் குனிந்து பார்த்தார். "போயிட்டு வான்னா போயிட்டு வருது. எங்க வீட்டுல ஒருத்தராவது இப்படிச் சொன்னதைக் கேக்கறாங்களா? இதையா ஃபெயில்னாரு அந்த ஆளு? இருக்கட்டும்மா" என்றுவிட்டு உள்ளே போனார். பின்னாலேயே மூச்சுவாங்க வந்த நர்சரிக்காரரும் சிரித்துவிட்டு, "அப்ப நான் வரேம்மா" என்றார். மூட்டை எழுந்து அவர் பின்னால் நடக்க ஆரம்பித்தது. நான் வாரைப் பிடித்து இழுத்துக்கொண்டு, அந்த 'வரேன்' மட்டும் வேண்டாம் என்று அவரிடம் கெஞ்சினேன். அவர் புரிந்துகொண்டு, "சரிம்மா, போறேன்" என்றார். நம் வாசலில் அந்த வார்த்தையைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை.