பிளாஸ்மா கொத்துமல்லியும் ஒரு பால்கனியும்

"இனிமேல் இந்த வீட்டுக்குக் கொத்துமல்லி வெளியிலிருந்து வராது!" என்று நான் சபதம் போட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. காரணம், காய்கறி வாங்கும் ஆப். ஒரு வாரக் காய்கறி வந்து இறங்கியது. கூட ஒரு கொத்துமல்லித் தழையாவது கொசுறு? மூச்!

அதெல்லாம் ஒரு காலம் சார். கல்யாணமான புதுசில் நானும் சுலோச்சனாவும் சாயங்காலம் திருவான்மியூர் மார்க்கெட்டுக்கு நடந்தே போவோம். காய்க்காரப் புஷ்பம், அரைக்கிலோ தக்காளிக்கே கைநிறையக் கொத்துமல்லியைப் பையில் திணிப்பாள். "கொசுறு நைனா, எட்த்துக்கினு போ. பொண்ணு மூஞ்சிக்காவ குடுக்குறேன், உன் மூஞ்சிக்கு இல்ல!" திரும்பி வரும்போது பையும் மணக்கும், பக்கத்தில் நடக்கிறவளும் மணப்பாள். முப்பது வருஷமாகியும் அந்த வாசனைக்கு மனசு ஏங்குகிறது.

ஆகவே பால்கனியிலிருந்த இரண்டு நாற்காலிகளையும் பரணில் ஏற்றினேன். டிரே, மோட்டார், சத்து நீர், பிளாஸ்மா மெஷின் எல்லாம் வந்தன.

"என்னங்க இது, மண்ணே காணோம்?"

"மண்ணே வேண்டாம் சுலோ! இந்த மெஷின் காத்துல குட்டி மின்னல் அடிக்கும். அந்தக் காத்தைச் சத்துத் தண்ணியில விட்டா கிருமி சாகும், செடி கொழிக்கும்."

"நான் எங்க உக்காந்து காபி குடிக்கிறது?"

"அடுப்படியில."

"சரி. நாப்பதாம் நாள் டிரே காலியா இருந்தா, பால்கனி எனக்கு."

"நிறைஞ்சிருந்தா எனக்கு!"

முப்பத்தொன்பதாம் நாள், டிரேயில் பச்சைக் காடு. அன்றைக்கு எங்கள் அபார்ட்மென்ட் அசோசியேஷன் கூட்டம் வேறு. மைக்கைப் பிடுங்கிக்கொண்டேன். "கொசுறு கொடுத்த கைகள் எங்கே? அந்தத் தாராள மனசு எங்கே?" ஒரே கைதட்டல். சுலோச்சனாதான் அதிகம் தட்டினாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் மணி அடித்தது. மாடி வீட்டு நீரஜா.

"அங்கிள், கொத்துமல்லி கொசுறு தர்றீங்களாமே? ஆன்ட்டி சொன்னாங்க."

பின்னால் படிக்கட்டு வரைக்கும் வரிசை. நேற்று அப்படிப் பேசிவிட்டு இன்றைக்கு இல்லையென்று எந்த வாயால் சொல்வது? மதியத்துக்குள் டிரே மொட்டை.

சாயங்காலம் நாற்காலிகள் இறங்கின. சுலோச்சனா காபியோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கடல் காற்று வீசியது. தோற்றவனுக்கு இவ்வளவு சந்தோஷம் கூடாதுதான்.

"வருத்தமா?"

"இல்ல சுலோ. அந்தக் காலம் மாதிரியே இருக்கு."

"அப்படின்னா காபியைக் குடிச்சிட்டு மார்க்கெட்டுக்குக் கிளம்புங்க. நாளைக்கு பி பிளாக்லேர்ந்து எட்டு வீடு கொசுறுக்கு வருது."