ஆதாரம் டீச்சரும் பன்னிரண்டு மணிக்கு விட்ட ஷிஃப்ட்டும்

நெய்வேலி நகரியத்தில் 'குட் மார்னிங்'குக்கே சாட்சி கேட்கக்கூடிய ஒரே பெண்மணி எங்கள் ஆதாரம் டீச்சர்தான். அவர் சமூக அறிவியல்; நான் பக்கத்து வகுப்பில் கணக்கு வாத்தியார். யார் எதைச் சொன்னாலும் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "ஆதாரம்?" என்பார். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

முத்தாண்டிக்குப்பத்து அம்மா ஒருவர் அந்தப் பெயரை நம்பி, ஜெராக்ஸ் கட்டோடு வந்து நின்றார். "ஆதார்ல அட்ரஸ் மாத்தணுங்க. நீங்கதான் பாக்குறீங்கன்னு பேசிகினு இருந்தாங்க." டீச்சர், "யாரு பேசினா?" என்று ஆரம்பித்து அரைமணி நேரம் குடைந்துவிட்டார்.

ஒரு மழை நாளில் தலைமையாசிரியர் துள்ளிக்கொண்டு வந்தார். "நாளைக்கு லீவு! கலெக்டர் அறிவிச்சிட்டாரு!"

"கலெக்டரா, உங்க மச்சானா சார்?" என்றார் டீச்சர்.

மச்சான் அனுப்பியிருந்ததைப் போனில் திறந்து பார்த்தால் மூன்று வருடத்துக்கு முந்தைய செய்தி; மாவட்டமும் வேறு. மனிதர் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார். லீவு போச்சே என்று எனக்கும் வயிறெரிந்தது.

எட்டாம் வகுப்புக்கு டீச்சர் வாரம் ஒரு பீரியட் ஒதுக்கியிருந்தார்; வாட்ஸ்அப்பில் வருவதைத் துருவிப் பார்ப்பதே பாடம். "போர்ஷனே முடியல, இதுல இந்தக் கூத்து வேற" என்று நானே முணுமுணுத்திருக்கிறேன்.

அப்போதுதான் அந்த வாய்ஸ் மெசேஜ் வந்தது. "நான் மைன்ஸ்ல பர்மனென்ட்டுங்க. இன்னிக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிச்சு, பன்னெண்டு மணிக்கு ஸ்கூல் வழியா வந்துகினு இருந்தேன். சத்துணவு மல்லிகா, பல்லி வுழுந்த சாம்பாரைப் புள்ளைங்களுக்கு ஊத்துது. என் கண்ணால பாத்தேன்!"

மறுநாள் காலையில், எங்களிடம் பிள்ளைகளை அனுப்பும் பக்கத்து மந்தாரக்குப்பமே பள்ளி கேட்டில் நின்றது. "அந்தம்மாவ வேலைய வுட்டுத் தூக்குங்க!" மல்லிகா அக்கா சமையலறை வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். தனியாளாக இரண்டு பெண்களைப் படிக்கவைப்பவர். அந்த வேலை போனால் எல்லாமே போயிற்று. தலைமையாசிரியரோ அவரை நிறுத்தச் சொல்லிக் கடிதம் எழுதவே உட்கார்ந்துவிட்டார்.

ஆதாரம் டீச்சர் எட்டாம் வகுப்பை அப்படியே கேட்டுக்கு ஓட்டிவந்தார். மைக்கில் அந்த வாய்ஸைப் போட்டார். "நல்லா கேளுங்க பசங்களா. எங்க இடிக்குது?"

கவிதா என்ற வாண்டு கையைத் தூக்கினாள். "ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் ரெண்டு மணிக்குத்தான டீச்சர் வுடுவாங்க? எங்கப்பா ஒருநாள்கூட பன்னெண்டுக்கு வூட்டுக்கு வந்ததில்ல. இந்தாளு மைன்ஸே கெடையாது!"

வந்திருந்தவர்களில் பாதிப் பேர் ஷிஃப்ட் பார்ப்பவர்கள். "அட, ஆமாய்யா!" என்று ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார்.

பின்னாலிருந்து இன்னொரு குரல்: "நேத்து சாம்பாரே இல்ல டீச்சர். தக்காளி சாதம்!"

அவ்வளவுதான், கேட்டே அதிர்கிற மாதிரி சிரிப்பு! சண்டைக்கு வந்தவர்கள் வரிசையில் போய் மல்லிகா அக்காவிடம் மன்னிப்புக் கேட்டார்கள். பசங்கள் விசிலடித்தார்கள். தலைமையாசிரியர் கடிதத்தைக் கிழித்தே போட்டார். வேலை தப்பித்தது.

ஒன்றை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வாய்ஸை, எனக்குத் தெரிந்த பெற்றோர் ஒருவருக்கு "உஷார்!" என்று அனுப்பி ஊரெல்லாம் பரவவிட்ட புத்திசாலி நான்தான். சாயங்காலம் டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அந்தப் பெற்றோர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் என் பெயரைக் காட்டினார். "அக்காகிட்ட நீங்களே போய்ச் சொல்லிடுங்க சார்" என்றார்.

போய்ச் சொன்னேன். டீச்சர் இன்றுவரை வேறு யாரிடமும் மூச்சுவிடவில்லை. மகராசி, நூறு வருஷம் நல்லா இருக்கணும்.