கண்மணிக்குப் பொய் சொல்லத் தெரியாது

மார்செய்,
செவ்வாய்க்கிழமை.

நாந்த் நகரத்தின் கண்கண்ட கண் டாக்டரும் என் அம்மாவின் அருமைத் தம்பியுமான கஸ்பார் மாமாவுக்கு, மருமகன் தித்துவான் படுத்தபடியே எழுதும் வணக்கம். நலம், குடல்வால் மட்டும் இல்லை. வாலுப் பையனுக்கு ஒரு வால் குறைந்தது என்று வீடே சிரிக்கிறது. அத்தையும் பூனையும் சௌக்கியமா?

முதலில் ஒரு திருட்டு. நீங்கள் இங்கே வந்திருந்தபோது உங்கள் பையிலிருந்து ஒரு சொட்டு மருந்துப் புட்டி காணாமல் போனதே, அது என் கைங்கரியம். நோயாளிகளின் கண்மணியை விரியவைக்க நீங்கள் விடுவீர்களே, அதுதான். வகுப்பில் பேய்முழி முழிக்கலாம் என்று எடுத்தேன். ஆனால் வியாழக்கிழமை காலை, சரித்திரப் பரீட்சைக்கு ஒரு மணி நேரம் இருக்கையில், வயிறு நிஜமாகவே பிடுங்கியது, நான் தரையில் உருள்கிறேன், அம்மாவோ காபியை உறிஞ்சியபடி, "இன்னைக்கு என்ன பரீட்சை?" என்கிறார். இதுவரை பதினான்கு பொய் வயிற்றுவலி, அவர் மேல் தப்பில்லை. பச்சையாக வாந்தி எடுத்த பிறகுதான் ஆஸ்பத்திரி.

அங்கே மயக்க மருந்து டாக்டர் பொன்ஃபுவா, "பயப்படாதேப்பா. நீ தூங்கினதும் இமையைத் தூக்கி, உன் கண்மணியை அளப்போம். வலிச்சா அது விரியும், உடனே வலி மருந்தைக் கூட்டிடுவோம்" என்றார்.

"இவன் கண்ணும் நடிக்கும் டாக்டர்!" என்றார் அம்மா.

"கண்மணிக்கு நடிக்கத் தெரியாதும்மா."

எனக்கோ உதறல். கத்தி படும்போது கத்தவும் முடியாமல், கண்ணும் சமயத்தில் விரியாமல் போனால்? கழிப்பறைக்குள் நுழைந்து, சட்டைப்பையிலேயே கிடந்த உங்கள் புட்டியிலிருந்து கண்ணுக்கு இரண்டு சொட்டு விட்டுக்கொண்டேன். விரிந்தே கிடக்கட்டும், மருந்து கொட்டட்டும்!

விழித்தால் அம்மா கண்கலங்கி நிற்கிறார். "கத்தி பட்டதும் சட்டுனு விரிஞ்சுதாம்டா. மருந்தைக் கூட்டினதும் சுருங்கிடுச்சாம். நிஜமாவே வலிச்சிருக்கு, நான்தான் பாவி, நம்பலே!" தலைகோதல், ஆரஞ்சுப்பூ மணக்கும் நாவெட் பிஸ்கட் ஒரு பெட்டி. மூன்று நாள் ராஜா நான். நாலாம் நாள் பிஸ்கட் தொண்டையில் சிக்கியது மாமா, உண்மையைக் கக்கிவிட்டேன். பெட்டி அலமாரி உச்சிக்குப் போனது. "பதினஞ்சு" என்றார் அம்மா.

திருடியதை மன்னியுங்கள். அத்தைக்கு முத்தம், பூனைக்குத் தூரத்திலிருந்து ஒரு கும்பிடு.

தையல் பிரியாமல் சிரிக்கப் பழகும்
தித்துவான்

பி.கு.: புட்டியைத் திருப்பி அனுப்பக் கட்டும்போதுதான் மேலே ஒட்டியிருந்ததைப் படித்தேன். வறண்ட கண்ணுக்கான செயற்கைக் கண்ணீராம்! எதையும் விரிக்காதாம்! அப்படியென்றால் வலித்திருக்கிறது மாமா, நிஜமாகவே வலித்திருக்கிறது! உடனே அம்மாவுக்கு நீங்களே போன் போட்டுச் சொல்லுங்கள். நான் சொன்னால் "பதினாறு" என்பார்.