அப்பாவுக்கு ஆல்டரேஷன்

"மூக்கை ரெண்டு பக்கமும் கொஞ்சம் பிடிச்சுடுங்க" என்றார் தையல்காரர்.

ஓவியர் தூரிகையைக் கீழே வைத்தார். "இது உங்க அப்பாவோட மூக்கு. சட்டை இல்ல."

தையல்காரர் அசரவில்லை. கொஞ்சம் பிடித்துவிட்டால் உலகத்தில் எதுவும் பொருந்திவிடும் என்று நம்பிப் பிழைக்கிறவர். அப்பா போனதிலிருந்து அம்மா வாயே திறக்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் "ம்". டாக்டரிடம் போகலாமா என்றால் "ம்ஹூம்". அப்பா முகத்தைப் பார்த்தாலாவது பேசுவாளா என்றுதான் இந்தப் படம். ஆனால் அப்பாவோ கேமராவைக் கண்டால் காத தூரம் ஓடுகிற ஆசாமி. தேடித் தேடிக் கிடைத்தது அடையாள அட்டைப் போட்டோ ஒன்றுதான். அதிலும் மனிதர் திருடனைப் பிடித்துவிட்ட மாதிரி முறைத்துக்கொண்டிருந்தார்.

மூக்கைப் பிடித்ததும் மீசை பெரிதாகத் தெரிந்தது. மீசையைக் குறைத்ததும் உதடு துருத்திக்கொண்டது.

"லேசா சிரிக்க வச்சுடுங்க, சமாளிச்சுடலாம்."

சிரித்ததும் கன்னம் உப்பிற்று, கண் சுருங்கிற்று. அப்பா இரண்டாம் தடவையாகப் போய்ச் சேர்ந்தார்.

மகள் வீட்டுக்குப் போயிருந்த அம்மா அன்று மாலை திரும்புகிறாள். வேறு வழியில்லாமல் தையல்காரர் படத்தைக் கூடத்தில் மாட்டினார். அவர் மனைவி இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கார். யாரு இவரு?"

"அப்பா."

"எப்போலேர்ந்து?"

அம்மா வந்தாள். நின்று பார்த்தாள். தையல்காரர் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தார். அம்மாவோ ஒரு நாற்காலியை இழுத்துப் படத்துக்கு எதிரே போட்டு உட்கார்ந்து, மூட்டுவலியில் ஆரம்பித்தாள். அங்கிருந்து மாப்பிள்ளையின் குறட்டைக்குப் போய், கல்யாணமான புதிதில் பட்ட அவமானம் வரைக்கும் வந்துவிட்டாள். நடுவில் அழுதாள். மூக்கைச் சிந்திவிட்டுத் தானே சிரித்தாள். ராத்திரி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

வீடே பிழைத்துக்கொண்டது. தையல்காரருக்குத்தான் தூக்கம் போயிற்று. பெற்ற தாய் தினமும் ஊர் பேர் தெரியாத ஒருத்தரிடம் மனசைக் கொட்டுகிறாள், எல்லாம் தன்னால் என்று குமைந்தார்.

"நல்லாப் போறதைக் கெடுக்காதீங்க" என்றாள் மனைவி.

"அதுக்காக அம்மாவை ஏமாத்தறதா?"

மறுநாள் அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்துப் படத்தைக் கழற்றி ஓவியரிடம் தூக்கிக்கொண்டு போனார்.

"பழையபடி முறைக்க வச்சுடுங்க."

"அதைத்தானய்யா முதல்லயே வரைஞ்சேன்" என்று ஓவியர் தலையில் அடித்துக்கொண்டார். "ஒண்ணு சொல்லுங்க. படம் ஆளு மாதிரி இருக்கணுமா, இல்ல பார்க்கிறவங்க மனசு ஆறணுமா?"

"ரெண்டும்."

ஓவியர் முணுமுணுத்துக்கொண்டே மீசையில் கை வைத்தார். அதற்குள் மனைவியின் போன் வந்தது.

"அத்தை வெறும் சுவரைப் பார்த்துட்டு உக்காந்திருக்காங்க. சாப்பிடல. கேட்டா மறுபடியும் 'ம்'ங்கறாங்க. ஓவியமும் வேண்டாம் உண்மையும் வேண்டாம், அந்த ஆளை உடனே கூட்டிட்டு வாங்க."

தையல்காரர் படத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். ஒரு பக்கம் மட்டும் வளர்ந்த மீசையோடு படம் மறுபடி சுவரேறியது. அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை.

"அம்மா, என்னை மன்னிச்சுடும்மா. இது அப்பாவே இல்ல. அங்க பிடி, இங்க குறைன்னு சொல்லி நான்தான் வேற யாரோவா ஆக்கிட்டேன்."

அம்மா முந்தானையால் அந்த ஈர மீசையை மெதுவாகத் துடைத்துவிட்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்தாள்.

"அது எனக்கு முதல் நாளே தெரியும். உங்கப்பா என்னிக்குடா நான் பேசி முடிக்கிற வரைக்கும் நகராம இருந்திருக்காரு?"