ரஃபி சாரைச் சுற்றி வந்த கார்

எனக்கு ஒரு வியாதி உண்டு. ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் எதையும் அப்படியே ஓட விடமாட்டேன். மிக்ஸி, டேபிள் ஃபேன், பெரியப்பாவின் காது மிஷின் என்று எல்லாவற்றிலும் கைவைத்திருக்கிறேன். (பெரியப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவருக்குக் கேட்கவில்லை.)

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்த புதிதில் இந்த வியாதி ரிமோட் காரில் வந்து நின்றது. ஒன்றரைச் சாண் நீளப் பொம்மைக் கார். அதன் மோட்டாரைக் கழற்றிவிட்டு மூன்று மடங்கு வேகமுள்ள மோட்டார், அதற்கு ஈடுகொடுக்கும் லித்தியம் பேட்டரி, புது ஸ்பீடு கன்ட்ரோலர், புது ரிமோட், அதன் சிக்னலை வாங்கும் ரிசீவர் என்று சகலத்தையும் மாற்றினேன். மாதனூரில் எங்கள் தெருவில் அது கிளம்பினால் நாய்கள் ஒதுங்கி நின்றன. அதை மரியாதை என்று நினைத்தேன்.

அப்போதுதான், எங்களிடம் ஷூ வாங்கவிருந்த வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஓர் அம்மா நேரில் பார்க்க வந்தார். குழந்தைகள் ஷூவுக்குப் பெரிய ஆர்டர். அது கிடைக்காவிட்டால் கம்பெனி பஸ்ஸில் பாதி சீட் காலியாகிவிடும் என்று பேச்சு. மேனேஜர் ரஃபி சார் ஒரு வாரமாக, "புதுசா எதனா பண்ணணும்பா" என்று புலம்பிக்கொண்டிருந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"சார், சாம்பிள் ஷூவ நம்ம கார்ல வெச்சி, அந்தம்மா காலாண்ட கொண்டாந்து நிறுத்தறேன் சார்."

"பேஜார் ஒண்ணும் ஆவாதே?"

"எல்லாமே அப்கிரேடு பண்ணது சார்!"

சாம்பிள், ஒரு வயதுக் குழந்தைக்கான சிவப்பு ஷூ. அந்தச் சிவப்புத் தோல் ஒரு ஜோடிக்குத்தான் இருந்தது. ஒன்று ரஃபி சார் கையில், இன்னொன்று என் கார்மேல்.

தையல் மிஷின்களுக்கு நடுவே கார் சாமி ஊர்வலம்போல நிதானமாக வந்தது. அந்தம்மா கைதட்டினார். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் கைதட்டல் கேட்டால் எனக்குப் புத்தி வேலை செய்யாது. அந்தம்மாவையும் பக்கத்தில் நின்ற ரஃபி சாரையும் ஒரு சுற்றுச் சுற்றிவந்து நிறுத்தலாம் என்று ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்து, முழு வேகம் கொடுத்தேன்.

ரிமோட்டின் விளக்கு அணைந்தது.

சகலத்தையும் மாற்றிய மேதை, ரிமோட்டுக்கு மட்டும் சுவர்க் கடிகாரத்திலும் டிவி ரிமோட்டிலும் கழற்றிய பழைய பென்சில் பேட்டரிகளைப் போட்டிருந்தேன். சிக்னல் போனால் கார் தானாக நிற்க ரிசீவரில் ஒரு செட்டிங் உண்டு. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அதை விட்டிருந்தேன். ஆகவே கடைசியாகக் கிடைத்த கட்டளையைக் கார் விசுவாசமாக நிறைவேற்றியது: முழு வேகம், இடது பக்கம்.

முதல் சுற்றில் ஷூ பறந்துபோய் டீ தட்டில் விழுந்து, நாலு டம்ளரைக் கவிழ்த்து, அந்த டீயிலேயே ஊறியது. இரண்டாவது சுற்றில் ஏதோ மிஷினின் நூல் சக்கரத்தில் மாட்டியது. ஷூ தைக்கிற நைலான் நூல், கையால் அறுக்க முடியாது. மூன்றாவது சுற்றிலிருந்து கார் ரஃபி சாரையும் அந்தம்மாவையும் சேர்த்துக் கட்ட ஆரம்பித்தது.

"டேய், நிறுத்துடா!"

"நிக்க மாட்டேங்குது சார்!"

"நிக்காதத எதுக்குடா ஓட்ன?"

நியாயமான கேள்வி. பதிலுக்குக் காத்திராமல் அவர் காலைத் தூக்கினார், அட்டைப்பெட்டி அடுக்கின்மேல் சாய்ந்தார். அந்தம்மா ஒரு மிஷினைப் பிடித்துத் தப்பித்தார். நான் ரிமோட்டைத் தட்டினேன், உதறினேன், கடைசியில் கும்பிட்டேன்.

அப்போது பக்கத்து மிஷினில் தைத்துக்கொண்டிருந்த கவிதா என்ற பெண் எழுந்தாள். தோல் துண்டுகள் வைக்கும் பிளாஸ்டிக் கூடையைக் காலிசெய்து, கோழியை அமுக்குவதுபோல் காரின்மேல் கவிழ்த்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். உள்ளே உறுமல் கேட்டது. பிறகு புகை வந்தது.

"இன்னாங்க, இது வெடிக்குமா?" என்று என்னைக் கேட்டாள்.

"தெரியலைங்க."

"அப்ப நீங்க வந்து குந்துங்க."

எழுந்து இடம் கொடுத்தாள். போய் உட்கார்ந்தேன்.

அந்தம்மா குனிந்து, காலில் சுற்றிய நூலை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். அறவில்லை. இங்கிலீஷில் ஏதோ சொன்னார். பெட்டிகளுக்கு நடுவிலிருந்து ரஃபி சார் மொழிபெயர்த்தார்: "நூலு நல்லா கெட்டியா கீதாம்பா. கத்திரி கேக்கறாங்க."

ஆர்டர் வந்தது. (டீயில் ஊறியும் சாயம் போகாததை அந்தம்மா தனியாகக் குறித்துக்கொண்டாராம்.) எனக்கு மெமோவும் வந்தது, அதே நாளில்.

இரண்டு வருடம் கழித்து எனக்கும் கவிதாவுக்கும் கல்யாணம் நடந்தது. கூடைமேல் உட்கார்ந்தபோதே முடிவுசெய்துவிட்டேன் என்று நான் சொல்வேன். புகையில் தனக்குக் கண் தெரியவில்லை என்று அவள் சொல்வாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான் அக்னியை வலம் வந்தபோது, முன்வரிசையில் ரஃபி சார் எழுந்து நின்றார்.

"மூணு சுத்து முடிஞ்சிச்சி, யார்னா புடிச்சி நிறுத்துங்கப்பா! தானா நிக்கத் தெரியாது அவனுக்கு!"

மந்திரம் சொன்னவரே மந்திரத்தை விட்டுவிட்டுச் சிரித்தார். கல்யாண வீடியோவில் அது தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும், தாலி கட்டும் இடத்தைத் தள்ளிவிட்டு, கவிதா நேராக அங்கேதான் கொண்டுபோய் நிறுத்துகிறாள்.