நாய் வர்ற வரைக்கும் உக்காருங்க

முதலியார்பேட்டை கலியமூர்த்திக்குக் கல்யாணமாகிப் பதினாலு வருஷம். அதில் போன தீபாவளி வரைக்கும் அவர் தியேட்டரில் எந்தப் படத்தின் முடிவையும் பார்த்ததில்லை. வில்லனுக்குக் கடைசி அடி விழுவதற்குள் மனுஷன் வெளியே ஸ்டாண்டில் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருப்பார். முந்நூறு வண்டி, ஒரே ஒரு கேட். முதலில் வெளியே வருகிறவன்தான் ஆம்பளை என்பது அவர் கொள்கை.

அந்தக் கொள்கையில் மாட்டிக்கொண்டவள் மனைவி தனக்கொடி. எந்தக் கதாநாயகிக்கு யாரோடு கல்யாணம் ஆனது என்பதையே அவள் டிவியில் போடும்போதுதான் தெரிந்துகொள்வாள்.

போன தீபாவளியோடு எல்லாம் தலைகீழாகிவிட்டது. பெயரெல்லாம் ஓடி முடிந்த பிறகு ஒரு சீன் வருகிறது என்று யாரோ அவளிடம் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து சீட்டை விட்டு எழுந்திருப்பதில்லை. கூட்டுகிற அம்மா துடைப்பத்தோடு வந்து நின்றால், காலை மட்டும் தூக்கிக்கொண்டு திரையைப் பார்ப்பாள்.

“அவ்ளோ முக்கியமான சீன்னா படத்துக்குள்ளயே வச்சிருக்க மாட்டானா?” என்று கேட்டார் கலியமூர்த்தி.

“எல்லாரும் போனப்புறம் வர்றதாலதாங்க அதுக்குப் பேரு போனஸ்.”

மின்துறையில் இருபது வருஷம் கோப்பு தள்ளியவர், போனஸ் என்ற சொல்லைக் கேட்டதும் உட்கார்ந்துவிட்டார்.

இந்த லட்சணத்தில்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்ந்தது. அன்று சாயங்காலம் ஐந்தரைக்குக் கேரம் மன்றத்தில் இரட்டையர் பைனல். கலியமூர்த்தியும் ஆபீஸ் சிநேகிதர் ராஜாங்கமும் ஒரு ஜோடி. பத்தொன்பது வருஷமாக ஆடி, முதல் தடவையாகப் பைனல்!

ஆனால் இந்தப் பெருமையை வீட்டில் சொல்ல முடியாது. போன வருஷம் நோணாங்குப்பம் படகுத்துறையில் பெண்டாட்டியைப் படகில் ஏற்றிவிட்டு, ‘ஒரே ஒரு போர்டு கேரம் ஆடிட்டு வந்துடறேன்’ என்று போனவர் மூணு மணி நேரம் கழித்துத்தான் திரும்பினார். கரையில் லைஃப் ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தாள் தனக்கொடி. அந்த இடத்திலேயே அவள் தலையில் கை வைத்து, இனி ஸ்டிரைக்கரைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்தார். அதற்கப்புறம் ஆடியதெல்லாம் ‘ஓவர்டைம்’ என்ற பெயரில்.

பார்த்தால், அதே ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு டிக்கெட் போட்டிருந்தாள் தனக்கொடி. வரவில்லை என்றால் சந்தேகம் வரும். கலியமூர்த்தி மனக்கணக்குப் போட்டார். படம் ஐந்து பத்துக்கு முடியும். மன்றத்துக்குப் பத்து நிமிஷம். நடுவில் இருக்கும் ஒரே இடைஞ்சல் அந்தப் பாழாய்ப்போன போனஸ் சீன். அதையும் சனிக்கிழமையே தீர்த்துவிட்டார்.

“ராஜாங்கம் நேத்தே இந்தப் படத்தப் பாத்துட்டான் தனம். கடேசி எழுத்து வரைக்கும் உக்காந்திருந்தானாம். போனஸ் சீனே கெடையாதாம்.”

“அப்பிடியா? அப்ப முடிஞ்சதும் கெளம்பிடலாங்க.”

பதினாலு வருஷத்துப் பெண்டாட்டி முதல் பேச்சிலேயே ஒத்துக்கொண்டால் எந்தப் புருஷனும் பயப்பட வேண்டும். கலியமூர்த்தி சந்தோஷப்பட்டார். தியேட்டரில் உட்கார்ந்ததும், “சாவி பாக்கெட்ல குத்தும், குடுங்க, பையில போட்டு வைக்கிறேன்” என்று அவள் கேட்டபோதும் சந்தோஷமாகவே கொடுத்தார்.

ஐந்து பத்து. படம் முடிந்தது. பெயர்கள் ஏற ஆரம்பித்தன. கலியமூர்த்தி எழுந்தார். தனக்கொடி எழவில்லை.

“எழுந்திரு தனம்.”

“இருங்க.”

“போனஸ் இல்லன்னு சொன்னேன்ல?”

“ராஜாங்கம் அண்ணன் தூங்கியிருப்பாரு. அங்க பாருங்க, என்னா போட்டிருக்கான்? நாய் பயிற்சியாளர். படத்துல நாய் வந்துச்சா?”

“இல்ல.”

“அப்ப நாய் எங்க?”

“வெட்டியிருப்பாங்க.”

“அய்யய்யோ, நாயையா?”

“சீனை!”

“வெட்டின சீனுக்கு எவனாவது பேரு போடுவானா? நாய் கடேசியிலதான் வரும். வர்ற வரைக்கும் உக்காருங்க.”

ஐந்து பதினாலு. கலியமூர்த்திக்கு நெற்றி நரம்பு துடித்தது. சட்டென்று மூளையும் துடித்தது.

“நீ நாயப் பாத்துட்டு வா. நான் போய் வண்டிய எடுத்து வைக்கிறேன்.”

வண்டியை எடுத்து நேரே மன்றம். ஆட்டம் முடிந்து வந்து, ‘கேட்டுல மாட்டிக்கிட்டேன்’ என்றால் ஆச்சு. படியில் இரண்டிரண்டாக இறங்கி ஸ்டாண்டுக்கு ஓடினார். பாக்கெட்டில் கையை விட்டார். கைதான் இருந்தது.

மறுபடி ஓட்டம். வெளியே வருகிற கூட்டத்தின் கால்களையெல்லாம் மிதித்து உள்ளே வந்தார்.

“சாவி!”

“பையில இருக்கு.”

“குடு!”

“இருட்டுல எப்பிடித் தேடுறது? லைட்டு போடட்டும்.”

“செல்லுல லைட் அடி!”

“தியேட்டர்ல செல்ல எடுக்கிறவன் மனுஷனே இல்லன்னு நீங்கதான சொல்லுவீங்க?”

உட்கார்ந்தார். சமையல் உதவி, இருபத்தேழு பேர். வண்டி ஓட்டியவர்கள், நாற்பது பேர். குடை பிடித்தவர். குடை பிடித்தவருக்கு உதவியவர். அப்புறம் நன்றி. ஒரு ரைஸ் மில்லுக்கு நன்றி. ஒரு டீக்கடைக்கு நன்றி. ஒரு மலைக்கு நன்றி. ஐந்து இருபத்தொன்பதுக்குத் திரை வெள்ளையானது. விளக்குகள் எரிந்தன.

நாய் வரவில்லை. வால்கூட வரவில்லை.

“எங்கடி நாய்?” என்று கத்தினார் கலியமூர்த்தி.

அந்தச் சத்தத்தில் முன்வரிசையில் ஒரு வழுக்கைத் தலை திரும்பியது. காலித் தியேட்டரில் இவர்களைத் தவிர இரண்டே பேர். திரும்பியவர் ராஜாங்கம். பக்கத்தில் கைப்பையை மடியோடு அணைத்தபடி அவர் மனைவி பூவிழி.

“நீ போகலியா?” என்று இரண்டு ஆம்பளைகளும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

“சாவி இவகிட்ட இருக்குடா” என்றார் ராஜாங்கம், அழாத குறையாக.

“முந்தாநேத்தே பாத்த படத்த இன்னிக்கும் வந்து பாக்குறாரு, ராஜாங்கம் அண்ணன் நல்ல ரசிகருதான்” என்றாள் தனக்கொடி. “ஒரு மாசமா ரெண்டு பேரும் சட்டக் கையெல்லாம் வெள்ளப் பவுடரோட வரீங்களே, மின்துறையில ஓவர்டைமுக்குப் பரோட்டாவா போடச் சொல்றாங்க? பைனல் நோட்டீஸு உங்க சட்டப் பையிலயே கெடந்துச்சு.”

கலியமூர்த்தியின் செல் அடித்தது. மன்றச் செயலாளர் எழிலரசன். தனக்கொடி அதை வாங்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

“என்னாண்ணே, ரெண்டு பேருமே வரல? அஞ்சரை ஆயிடுச்சு, எதிர் ஜோடி ஜெயிச்சதா அறிவிச்சாச்சு. கோப்பைய அவங்க கையில குடுத்தாச்சு. ரெண்டாம் பரிசு ரெண்டு மிக்ஸி இங்கியே இருக்கு. வந்து எடுத்துக்குங்க.”

“இதோ வந்துட்டோம் தம்பி” என்றாள் தனக்கொடி. பூவிழி அதற்குள் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

கலியமூர்த்தி பெண்டாட்டி பக்கம் திரும்பினார். “கோவம் இருந்தா வீட்ல நாலு திட்டு திட்டியிருக்கக் கூடாதா தனம்? பத்தொன்பது வருஷக் கனவு. நாங்க மட்டும் போயிருந்தா கட்டாயம் ஜெயிச்சிருப்போம்!”

“அது தெரிஞ்சிதாங்க உங்கள விடல” என்று தனக்கொடி சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள். “கோப்பையில சட்னி அரைக்க முடியுமா?”