வியாழக்கிழமைப் பாடு

வந்த மெயிலைப் பிடித்து உட்காரவைத்து, "இன்னிக்கு உன் நாள் இல்ல" என்று சொன்ன ஒரே மனிதர், உலகத்திலேயே எங்கள் முகத்துவாரம்தான்.

எண்பதுகளின் கடைசியில் பழவேற்காட்டில் ஓர் ஏரி ஆய்வு நிலையத்தில் எனக்கு முதல் வேலை. வெளியுலக மெயில் மெட்ராஸிலிருந்து டெலிபோன் வழியாக ஒரு கம்ப்யூட்டருக்கு வரும். அங்கிருந்து எங்கள் மேசைகளுக்குப் பிரிந்து போகும். நடுவில் அந்தக் கம்ப்யூட்டரைக் கட்டி மேய்த்தவருக்கு, கடலும் ஏரியும் சேருமிடத்தின் பெயரையே வைத்திருந்தோம். அதைப்போல அவரும் அடிக்கடி தூர்ந்துபோவார்.

டெலிபோன் லைன் கொஞ்ச நேரம்தான் உயிரோடு இருக்கும். யார் மெயில் முதலில் என்று தினமும் சண்டை. மீனவக் குடும்பத்துக்காரரான அவர் அதை ஏரி வழக்கப்படி தீர்த்தார். நல்ல மீன்பிடி இடங்களில் எல்லோரும் எல்லா நாளும் வலை போட முடியாது, முறை உண்டு. அதன் பெயர் பாடு. திங்கள் டைரக்டர் பாடு, செவ்வாய் கணக்குப் பிரிவு, புதன் எங்கள் ஆய்வுப் பிரிவு. பாடு இல்லாதவர் மெயில் வெளியே போகாது. உள்ளே வந்ததும் கைக்குக் கிடைக்காது. புரோகிராமையே அப்படி எழுதிவிட்டார்.

"நான் இந்த ஆபீஸுக்கு டைரக்டர்யா," என்றார் டைரக்டர்.

"அதான் சார் திங்கக்கெழம குடுத்துக்கிறேன். வாரத்துல மொத நாளு."

ஒருமுறை சம்பள உத்தரவு புதன்கிழமை வந்தது. அடுத்த செவ்வாய் வரை அவர் உள்பட யாருக்கும் சம்பளமில்லை. மின்வெட்டு, உப்புக்காற்று, கொசு, முகத்துவாரம் என்று சகித்துக்கொள்ள வேண்டியவற்றை நான் மனதுக்குள் வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டேன். சண்டை போடத் தெம்பில்லை.

ஒரு வியாழக்கிழமை பெங்களூரிலிருந்து போன். நான் விண்ணப்பித்திருந்த மேற்படிப்பில் இடம் கிடைத்திருந்தது. மாலைக்குள் மெயிலில் சம்மதம் வராவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். கம்ப்யூட்டர் படிப்பாம், தந்தியெல்லாம் செல்லாது.

நம்பிக்கையில்லாமல்தான் அவரிடம் போனேன். "இன்னிக்கு யார் பாடுண்ணா?"

"என்னோட்து."

வியாழன் இயந்திரத்துக்கு ஓய்வு நாள் என்றே எல்லோரும் நினைத்திருந்தோம்.

"உங்களுக்கு யாருண்ணா மெயில் போடப்போறாங்க?"

"மீனு இன்னா சொல்லிட்டா வருது? பாடு வந்தா வலைய போட்டுட்டு நிக்கணும்." நாற்காலியிலிருந்து எழுந்தார். "இன்னிக்கு நீ போட்டுக்கோமா. பாட்ட வுட்டுக்குடுக்கலாம். புடுங்கத்தான் கூடாது."

லைன் அறுந்துகொண்டே இருந்தது. மோடத்தை அதன் வம்சத்தோடு திட்டியபடி, சாப்பிடக்கூடப் போகாமல் மறுபடி மறுபடி டயல் செய்தார். வெயில் தாழும் நேரத்தில் என் மெயில் போய்ச் சேர்ந்தது.

பெங்களூரில் எனக்கு மெயில் வசதி கிடைத்ததும் முதலில் அவருக்குத்தான் எழுதினேன், ஒரு வெள்ளிக்கிழமை. அடுத்த வியாழன் பதில் வந்தது: "இன்னிக்குத்தான் பாத்தேன்."

அதற்குப் பிறகு புதன்கிழமைகளில் எழுதத் தொடங்கினேன். விடிந்ததும் அவர் போய் உட்காரும்போது ஏதாவது இருக்க வேண்டுமல்லவா.